அன்புக்கரசியின் மூக்கு

சூலூர் வட்டாரத்தில் அன்புக்கரசியின் மூக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அழகான மூக்கு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சற்றே தட்டையான, சிவப்புக்கல் மூக்குத்தி போட்ட சாதாரண மூக்குதான். ஆனால் அங்கப்பனின் பால் சென்டர் அந்த மூக்கை நம்பித்தான் நடந்தது. காலை ஐந்தரைக்குப் பால்காரர்கள் கேன்களை வரிசையாக இறக்கி வைப்பார்கள். அன்புக்கரசி ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். “இது நேத்து சாயங்காலப் பாலுங்க. காலைப் பாலோட கலந்துபோட்டீங்க, எடுத்துட்டுப் போயிருங்க” என்பாள். “பால்ல ஒண்ணுமில்லீங்க, கேனைத்தான் வெந்நி ஊத்திக் கழுவோணும்” என்பாள். ஒருமுறை ஒருவருடைய பாலை முகர்ந்துவிட்டு, “மாட்டுக்கு வெங்காயத்தாள் போட்டீங்களா?” என்று கேட்டாள். அந்த மனிதர் கேனைத் தூக்கிக்கொண்டு வண்டியேறிவிட்டார். லாக்டோமீட்டர் ஒரு பக்கம், கொழுப்புப் பார்க்கும் மிஷின் ஒரு பக்கம் இருந்தாலும், ‘அக்கா என்ன சொல்லுது’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

தெருவிலும் அதே கதைதான். சாயங்காலமானால் யாராவது ஒருத்தி கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து நிற்பாள். “அக்கா, திங்கக்கிழமை தோய்ச்ச தயிரு. ஆகுமா ஆகாதா, சொல்லுங்க.” அன்புக்கரசி வைத்திருந்தது மூன்றே தீர்ப்பு. சோற்றில் போட்டுக்கொள்ளலாம், மோர்க்குழம்புக்கு ஆகும், செடிக்கு ஊற்றிவிடு. அப்பீலுக்கு இடமில்லை. அவள் செடிக்கு என்று சொன்ன தயிரைத் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு ஒருவர் இரண்டு நாள் கழிப்பறையே கதி என்று கிடந்த பிறகு, அவள் சொல்லுக்கு இன்னும் மவுசு கூடிப்போனது.

அந்த மூக்கு செத்து நான்கு வருடம் ஆகிறது.

கொரோனா இரண்டாம் முறை வந்த வைகாசியில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லோருக்கும் அப்படித்தான், ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் திரும்பியது. எதிர்வீட்டுப் பையனுக்குத் திரும்பியது. அன்புக்கரசி காப்பிப் பொடியை முகர்ந்தாள், பெருங்காயத்தை முகர்ந்தாள், கடைசியில் மண்ணெண்ணெய்ப் பாட்டிலையே மூக்கில் வைத்து இழுத்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரிதான் இருந்தது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிந்தன. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவள் புருஷன் வேலுமணி. விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் முப்பது வருடம் நின்று அவருக்குக் காது மந்தம். அவருக்குக் காது போனது ஊருக்கே தெரியும், அதனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் மூக்கால் பிழைக்கிறவள் மூக்கு போய்விட்டது என்று எப்படி வெளியே சொல்வது? பால் சென்டரில் அவள் வேறு வழி பிடித்தாள். சந்தேகப்பட்ட கேனிலிருந்து ஒரு கரண்டிப் பால் எடுத்து அடுப்பில் காய்ச்சுவாள். பழைய பாலாக இருந்தால் திரிந்துவிடும். திரிந்ததைக் கண்ணால் பார்க்கலாம், மூக்கு வேண்டியதில்லை. ‘கொரோனாவுக்குப் பொறவு அக்கா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு’ என்று பெயர் வேறு கிடைத்தது. அங்கப்பன் இரண்டாவது அடுப்பும் வாங்கிக் கொடுத்தார்.

பாலுக்கு அடுப்பு இருந்தது. தயிருக்குத்தான் ஒரு வழியும் இல்லை. பால் திரிந்தால் கெட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தயிரே திரிந்த பால்தானே, அதை எதில் காய்ச்சிப் பார்ப்பது? சிவப்போ பச்சையோ பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். கரண்டியில் எடுக்கும்போது நூலாக நீண்டால் தெரியும். கசந்தால் நாக்கு சொல்லும். மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் அது ஒன்றுமில்லை, நல்ல தயிரிலும் நிற்கும். இத்தனையும் பார்த்து முடித்தபின், ஆகுமா ஆகாதா என்று கடைசியாகச் சொல்ல வேண்டியது மூக்கு. அதனால் வீட்டில் தயிருக்கு வேலுமணிதான் மூக்கு. கிண்ணத்தை நீட்டுவாள், அவர் முகர்ந்து, “இருக்கட்டும்” அல்லது “ஊத்திரு” என்பார். தெருக்காரிகள் கிண்ணத்தோடு வந்தால், “உள்ள கொண்டுபோய் வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்” என்று அடுக்களைக்குள் போய் அவரிடம் நீட்டிவிட்டு வருவாள்.

இந்த ஏற்பாடு குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவைதான் அன்புக்கரசியை இரண்டு வருடமாகத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

ஒரே மகள் கயல்விழியை உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை தீபக்குக்குப் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. குடும்பத்துக்குக் கொப்பரை வியாபாரம். மகள் முதல்முறை உண்டானபோது, மூன்றாம் மாதம், வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, அம்மா கையால் தயிர்ச்சோறு வேண்டும் என்றாள். அன்றைக்கு வேலுமணி இரட்டை ஷிப்ட். அன்புக்கரசி தானே பார்த்து, தானே தொட்டு, தானே நக்கி, நன்றாகத்தான் இருக்கிறது என்று தீர்மானித்து, டப்பாவில் போட்டு இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ராத்திரி போனில் மகள், “சாப்பிட்டேன்மா, நல்லா இருந்துச்சு” என்றாள். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் இருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். கரு கலைந்துவிட்டது.

இதெல்லாம் நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு நடப்பதுதான், யார் செய்த தப்பும் இல்லை என்றார் டாக்டரம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். அன்புக்கரசியும் ஆட்டினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றம் உண்டா இல்லையா என்றே தெரியாத நெஞ்சு அதைவிட அதிகம் குறுகுறுக்கும். அந்தத் தயிர் எப்படி இருந்தது? நாற்றம் வந்திருந்ததா? மகள் தாயின்மீது வைத்த நம்பிக்கையில் அதையும் தின்றாளா? யாரிடம் கேட்பது? கேட்டால் மூக்கு போன கதையும் வெளியே வரும்; மூக்குப் போனவள் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தயிர்ச்சோறு கொண்டுவந்தாள் என்ற பேச்சும் வரும். வேலுமணியிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

இப்போது கயல்விழிக்கு ஏழாம் மாதம். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு வைத்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் வகைவகையாகச் சோறு கிளறிக் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், மகளுக்கும் அவர்கள் உறவுக்கும் விருந்து வைத்து, பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவருகிற சடங்கு. புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சம்பழச்சோறு, கொத்தமல்லிச்சோறு, சர்க்கரைப்பொங்கல். தயிர்ச்சோறு இல்லாமல் கட்டுச்சோறு கிடையாது. போதாததற்கு மகள் போனில் சொல்லிவிட்டாள்: “அம்மா, மத்ததெல்லாம் சொந்தக்காரங்களுக்கு. எனக்குத் தயிர்ச்சோறு மட்டும் நிறைய வேணும்.”

பயணத்துக்குத் தயிர்ச்சோறு கிளறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தயிரை அப்படியே கொட்டினால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் உறைக்கு விட்டுக் கிளறி மூடிவிட வேண்டும். வழியிலேயே உறைந்து, திறக்கிற நேரத்துக்குப் பக்குவமாக இருக்கும். காலை ஐந்து மணிக்குக் கிளறினால் பதினோரு மணிக்கு அமிர்தம். அன்புக்கரசி ஐந்து மணிக்குத்தான் கிளறினாள். ஆனால் அந்த ஒரு கரண்டி உறைத் தயிர் வியாழக்கிழமை தோய்த்தது. வெள்ளிக்கிழமை பகலெல்லாம் கரண்ட் இல்லை, பிரிட்ஜ் குளிர்விட்டுக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், தொட்டாள், நக்கினாள். பக்கத்து வீட்டில் புதுத் தயிர் ஒரு கரண்டி கேட்டிருக்கலாம். தெருவுக்கெல்லாம் உறை கொடுத்தவள் விடியற்காலையில் போய் உறை கேட்டு நின்றால், ‘ஏனக்கா, உங்க தயிருக்கு என்னாச்சு?’ என்ற கேள்வி வரும். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வேலுமணி வந்ததும் குண்டாவைக் காட்டிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

ஏழு மணிக்கு வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள். வேலுமணியைப் பார்த்த இடத்தில் பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள், வாழைத்தார் எங்கே, வேன்காரர் எங்கே என்று. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் குண்டாக்கள் வேனில் ஏறி, பூமாலைக் கூடைக்கு அடியில் போய்விட்டன. சரி, உடுமலையில் இறக்கியதும் முகரச் சொல்லலாம் என்று அன்புக்கரசி அதையும் தள்ளிவைத்தாள்.

குடிமங்கலம் நால்ரோடு தாண்டுவதற்கு முன்பே வேனின் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. வேன்காரரைத் திட்டி முடிக்கவே அரைமணி நேரமாயிற்று. மாப்பிள்ளை தீபக் சேதி கேட்டு இரண்டு கார் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்டுபிள்ளைகளும் குண்டாக்களும் காரில் ஏற, வேலுமணியும் மற்ற ஆண்களும் பஞ்சர் கடைக்கு வேனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்புக்கரசி காரில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மூக்கு நடுரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேன் தள்ளிக்கொண்டிருந்தது.

உடுமலையில் சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி பன்னிரண்டு ஐந்து. குறித்திருந்தது பதினொன்றுக்குள். மருமகள் வீட்டார் வந்து இறங்கியதைவிடக் கடிகாரத்தை அதிகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார் தீபக்கின் பெரியப்பா திருமலைசாமி. அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு அவர் வைத்ததுதான் நேரம்.

“பன்னெண்டு அடிச்சா எமகண்டமுங்க. ஒண்ணரை வரைக்கும் சோத்துக் குண்டாவைத் தொறக்கப்படாது. வாங்க, உக்காருங்க, காத்தாடுங்க” என்றார்.

“ஒண்ணரை வரைக்குமுங்களா?” என்றாள் அன்புக்கரசி.

“ஏனுங்க, பசிக்குதுங்களா? மோர் குடிங்க” என்று சொம்பை நீட்டினாள் சம்பந்தி வள்ளியாத்தாள். வாட்டசாட்டமான, வாய் நிறையப் பேசுகிற மனுஷி. “உங்களுக்கு மோர் குடுக்கறதுக்கே பயமா இருக்குதுங்க சம்பந்தி. மோந்து பாத்துட்டு, மாட்டுக்கு என்ன நோவுன்னு சொல்லிப்போடுவீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அன்புக்கரசியும் சிரித்து, சொம்பை மூக்கருகே கொண்டுபோய், ஒரு மூச்சு இழுத்து, “அருமைங்க” என்றாள்.

வெளியே வைகாசி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. குண்டாக்களை அடுக்களை ஓரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். கயல்விழி வயிற்றைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, தாயின் தோளில் சாய்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. “காலைல இருந்து ஒண்ணும் திங்கலைம்மா. தயிர்ச்சோத்துக்குத்தான் வயித்தைக் காலியா வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். போன வாரம்தான் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: பழசு பட்டது எதுவும் வேண்டாம், வாந்தி பேதி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும்.

மகள் போனதும் அன்புக்கரசி பின்கட்டுக்கு வந்து போனை எடுத்தாள்.

“ஏனுங்க, எங்க இருக்கீங்க?”

“இன்னும் கடையிலதான் அம்மணி. டியூபே போயிருச்சு. வேற வாங்க ஆள் போயிருக்குது.”

“சீக்கிரம் வாங்க.”

காது மந்தமானாலும் அவருக்கு இது கேட்டது. “தயிர்ச்சோறா?”

“ம்.”

“கயலுக்குக் குடுத்துப்போடாத. நான் வந்துருவேன்.”

“ஒண்ணரைக்குள்ள?”

“வாரேன், வாரேன்” என்றார் வேலுமணி. கொங்கு நாட்டில் இருமுறை ‘வாரேன்’ என்றால் ஆள் இன்னும் புறப்படவில்லை என்பது யாருக்கும் தெரியும்.

எமகண்டத்தில் குண்டாவைத் திறக்கக்கூடாது. அன்புக்கரசி சுற்றிப் பார்த்துவிட்டுத் திறந்தாள். மேலே மூடியிருந்த வாழையிலை வெந்து கறுத்திருந்தது. சோறு உறைந்து, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தது. நடுவில் இரண்டு மூன்று குமிழ்கள். குமிழ் நல்லதா கெட்டதா? கரண்டியால் எடுத்தாள்; நூல் இல்லை. குனிந்து பழைய பழக்கத்தில் ஆழமாக மூச்சை இழுத்தாள். எவர்சில்வரின் சூடு மட்டும் முகத்தில் பட்டது. இன்னொருமுறை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ‘ஆத்தா, ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் குடு’ என்று வேண்டிக்கொண்டு இழுத்தாள். ஒன்றுமில்லை.

பிறகு அவள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கிண்ணம் நிறையத் தயிர்ச்சோறு எடுத்து, மடமடவென்று தானே தின்றாள். தனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? மணி பன்னிரண்டே கால். ஒன்றரைக்குள் வயிறு சொல்லிவிட வேண்டும். கூடத்தில் போய் உட்கார்ந்து வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பன்னிரண்டே முக்காலுக்கு வயிறு ஒருமுறை புரண்டது. ஒரு மணிக்கு நன்றாகவே கலக்கியது. நெற்றி வியர்த்தது. இது தயிரா, பயமா? விடியற்காலையில் இருந்து அந்தக் கிண்ணச் சோற்றைத் தவிர ஒன்றும் படாத வயிறு. பயத்தில் கலக்குகிற வயிற்றையும் கெட்ட தயிரில் கலக்குகிற வயிற்றையும் பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவள் தன் வயிற்றையே படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று முப்பத்தொன்றுக்குத் திருமலைசாமி எழுந்து, “ஆகட்டும்” என்றார்.

வேலுமணி வரவில்லை.

கயல்விழியைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, சந்தனம் பூசி, வளையல் போட்டு, தலைவாழை இலை விரித்தார்கள். புளிச்சோறு வந்தது, ஒரு வாய் வைத்துக்கொண்டாள். தேங்காய்ச்சோறு வந்தது, கொறித்தாள். சர்க்கரைப்பொங்கலை நாக்கில் தொட்டுவிட்டு, “அத்தை, தயிர்ச்சோறு” என்றாள். வள்ளியாத்தாள் சிரித்துக்கொண்டே குண்டாவைத் தூக்கி வந்து, பெரிய கரண்டி நிறைய எடுத்தாள்.

“வேண்டாமுங்க!”

அன்புக்கரசிக்கே தன் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டி அந்தரத்தில் நின்றது. இருபது இருபத்தைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனுங்க சம்பந்தி?”

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள். “அது... கெட்டுப்போச்சுங்க. வாடை வந்திருச்சு.”

வள்ளியாத்தாள் கரண்டியை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு நொடி நெற்றியைச் சுருக்கினாள். அன்புக்கரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடேன், என்று மனம் கெஞ்சியது.

“ஆமாங்க” என்றாள் வள்ளியாத்தாள். “லேசா ஒரு வாடை வரத்தான் செய்யுது.”

குண்டா கைமாறியது. அத்தை ஒருத்தி முகர்ந்து, “ஆமாமா” என்று முகத்தைச் சுளித்தாள். திருமலைசாமி தூரத்தில் இருந்தபடியே, “எனக்கு அப்பவே அடிச்சுதுங்க” என்றார். இவர்கள் மூக்கால் சொல்கிறார்களா, தான் சொன்னதால் சொல்கிறார்களா? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற கூட்டம் அல்ல அது. ஆனால் அன்புக்கரசி கெட்டது என்று சொன்ன பிறகு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல எந்த மூக்குக்குத் துணிச்சல் வரும்? உண்மையைச் சொல்லக்கூடிய மூக்குகள் சுற்றி இருபத்தைந்து இருந்தும், ஒன்றையும் கேட்க முடியாதபடி தானே செய்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டத்தில் இருந்து யாரோ ஒருத்தி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “கட்டுச்சோறு கெட்டுப்போனா நல்லதில்லீங்களே. மொதத் தடவையே அப்படி ஆயிருச்சு...”

கயல்விழியின் கை இலையில் இருந்து எழுந்து வயிற்றுக்குப் போனது. பூசிய சந்தனத்துக்கு அடியில் முகம் வெளிறிவிட்டது. அவள் தாயைப் பார்த்தாள். கோபமோ வருத்தமோ இல்லை. சின்ன வயதில் இருட்டைப் பார்த்துப் பயப்படும்போது பார்க்கிற அதே பார்வை.

அதைப் பார்த்தபின் அன்புக்கரசியால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், மானம் போனால் போகட்டும் என்று எழுந்து நின்றாள்.

“கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னது பொய்யிங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லியிருந்தாலும் பொய்தானுங்க. எனக்கு மூக்கு போயி நாலு வருசம் ஆச்சு. நாத்தமும் தெரியாது, வாசமும் தெரியாது. அந்தச் சோறு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாததை என்ற மகளுக்குக் குடுக்கப் பயந்துட்டு அப்படிச் சொல்லிப்போட்டேன். சகுனமும் இல்லை, ஒண்ணும் இல்லை. தப்பெல்லாம் எம்பேருலதான்.”

வள்ளியாத்தாள் குண்டாவை மறுபடி எடுத்தாள். இந்தமுறை யாரையும் பார்க்காமல் குனிந்து, நிதானமாக முகர்ந்தாள்.

“புளிப்பு வாசந்தானுங்க அடிக்குது. கெட்ட வாடை எதுவும் எனக்குத் தெரியலை” என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, “மொதல்லயும் தெரியலைங்க. நீங்களே சொன்ன பொறவு, என்ற மூக்குத்தான் சரியில்லைன்னு நெனச்சேன்” என்றாள். முகத்தைச் சுளித்த அத்தை வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். திருமலைசாமிக்கு அப்போது பார்த்து அவசரமாகப் போன் பேச வேண்டி வந்து, வெளியே போனார்.

ஆனாலும் அந்தச் சோற்றை யாரும் மகளுக்குப் போடவில்லை. அன்புக்கரசியே குண்டாவை மூடி அடுக்களைக்கு எடுத்துப்போனாள். சேதி தெரியாமல் இரண்டேகாலுக்கு வந்து சேர்ந்த வேலுமணி, பின்வாசல் வழியாக வந்து குண்டாவைத் திறந்து முகர்ந்து, “இதுக்கென்ன, அருமையா இருக்குதே” என்று இரண்டு தட்டு தின்றார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அன்புக்கரசிக்கும் ஆகவில்லை. அது சோறு நல்லதாக இருந்ததாலா, அந்த வயிறுகள் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறுகள் என்பதாலா என்று எனக்குத் தெரியாது. அங்கப்பனிடம் திங்கட்கிழமை அவளே போய்ச் சொன்னாள். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, கரண்டியில் காய்ச்சியே பாருங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம் என்றார். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு விருந்து தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, கயல்விழி தாயைக் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“நாலு வருசமா? எங்கிட்டக்கூட ஏம்மா சொல்லலை?”

அன்புக்கரசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். இன்றைக்கு விட்டால் இனி ஜென்மத்துக்கும் கேட்க முடியாது என்று பட்டது.

“போன தடவை... நான் கொண்டாந்து குடுத்தனே கண்ணு, டப்பாவுல. அன்னைக்கும் அப்பாவுக்கு இரட்டை ஷிப்ட். நானாத்தான் நல்லா இருக்குதுன்னு முடிவு பண்ணினேன். அதைத் தின்ன மூணாம் நாளுதானே சாமி உனக்கு...”

கயல்விழி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யோ, அம்மா. அதை நான் திங்கவே இல்லைம்மா.”

“என்னது?”

“மூடியைத் தொறந்ததுமே கொமட்டிருச்சு. அப்ப எனக்கு எதைத் தொறந்தாலும் கொமட்டும், தண்ணிக் குடத்தைப் பாத்தாக்கூடக் கொமட்டும். அப்படியே கொண்டுபோய்ப் பின்னாடி தென்னமரத்துக்கு ஊத்திப்போட்டேன். நீ ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறே, சங்கடப்படுவேன்னு, தின்னேன்னு சொன்னேன்.”

“ஊத்திப்போட்டியா?”

“ஆமாம்மா.”

அன்புக்கரசி எழுந்து நின்றாள். அழப்போகிறாள் என்றுதான் கயல்விழி நினைத்தாள்.

“நாலு மணிக்கு எந்திரிச்சு, அரிசியைக் கொழைய வேகவெச்சு, மாதுளை உரிச்சுப் போட்டு, பல்லடம் பஸ்ஸுல நின்னுட்டே, டப்பா சாயாம நெஞ்சோட புடிச்சுட்டு வந்தன்டி! அதைக் கொண்டுபோய் மரத்துக்கு ஊத்தினியா? பெத்தவ செஞ்சது உனக்குக் குப்பையாப் போச்சா? அதை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி உனக்கு? ரெண்டு வருசம்டி! ரெண்டு வருசம்!”

கல்யாணத்துக்குப் பிறகு மகளை அவள் ‘டி’ போட்டுத் திட்டியதே இல்லை. கண்ணில் இருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது, திட்டும் நிற்கவில்லை. கூடத்தில் பேச்சு அடங்கியது. யாரோ கதவைத் தட்டப்போக, வள்ளியாத்தாள் தடுத்து, பரிமாற வேண்டிய வேலையைப் பார்க்கச் சொல்வது கேட்டது. கயல்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

அன்புக்கரசி மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நெசமாவே ஒரு வாய்கூடத் திங்கலையா கண்ணு?”

“ஒரு வாய்கூட இல்லைம்மா.”

“நாக்குலகூட வெக்கலை?”

“வெக்கலைம்மா.”

“இன்னொருக்காச் சொல்லு.”

கயல்விழி இன்னொருமுறை சொன்னாள்.